அரங்குக்கு முன்னே திடல் இருந்தது

கர்நாடகம் சந்தோஷ் கோப்பையை ஐந்து முறை வென்றிருக்கிறது. மைசூர் என்ற பழைய பெயரில் முதல் நான்கு வெற்றிகளும் வந்தன: 1946-47, 1952-53, 1967-68, 1968-69. கடைசி இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகள். இந்திய மாநிலங்களுக்கிடையே நடக்கும் இந்தக் கால்பந்துப் போட்டியில் வங்காளத்தின் ஆதிக்கத்தை உடைக்கக்கூடிய சில அணிகளில் ஒன்றாக மைசூர் அன்று மதிக்கப்பட்டது. அதன்பின் ஐந்தாவது வெற்றிக்கு 54 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று வென்றபோதுதான் கோப்பை மறுபடி பெங்களூருக்கு வந்தது. இந்த நீண்ட வறட்சியின் தொடக்கத்தை ஒட்டித்தான், 1960களின் இறுதியில் வேலை தொடங்கி 1970களில் முழுப் பயன்பாட்டுக்கு வந்த பெங்களூரு கால்பந்து அரங்கம் எழுந்தது. அரங்கம் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள் நான்கு கோப்பை கொண்டுவந்தார்கள். அரங்கம் வந்த பிறகு அரை நூற்றாண்டுக்கு ஒன்றும் வரவில்லை. அரங்கம்தான் ஆட்டத்தைக் கெடுத்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அரங்கம் கட்டினால் ஆட்டம் வளரும் என்று நாம் எளிதில் நம்பிவிடும் நம்பிக்கையை நிறுத்தி விசாரிக்க இந்தக் கணக்கு போதும்.

தர்மபுரி மாவட்டத்து வாசகருக்கு இது வேற்று மாநிலத்துச் சங்கதியாகத் தோன்ற வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் பெங்களூருக்கு. பென்னாகரம், ஏரியூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது பிழைக்கப் போகும் ஊர், கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பிள்ளைகள் பஸ் ஏறும் ஊர். தமிழ் பேசும் மக்கள் கால்பந்தில் இந்தியாவுக்குக் கொடுத்த கொடையின் பெரும்பகுதி அந்த ஊரின் புறநகர் ஒன்றிலிருந்து வந்தது. அந்தப் புறநகரின் கதையை ஒழுங்காகப் படித்தால், இன்று தொகுதிக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று என்று விளையாட்டரங்கம் கேட்கும் சிற்றூர்கள் உண்மையில் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளியும்.

பெங்களூரு ஒரே ஊராக இருந்ததில்லை. ஊரை நிறுவிய கெம்பே கவுடர் காலத்திலிருந்து வந்த பேட்டை ஒரு பக்கம். 1809 வாக்கில் ஆங்கிலேயர் படைக்காக அமைத்த கண்டோன்மென்ட் மறுபக்கம். நடுவில் கப்பன் பூங்கா. பேட்டை மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. கண்டோன்மென்ட்டின் நிர்வாகம் பிரிட்டிஷார் கையில். இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி, தனித்தனி சந்தை, தனித்தனி வாழ்க்கை. 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. பேட்டைக்காரர் கண்ணில் கண்டோன்மென்ட் ஒரு புறநகர். அங்கே படைக்குத் தேவையான எல்லாமே வெளியிலிருந்து வந்தன. ஆட்களும் அப்படியே வந்தார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு, சேலம், செங்கல்பட்டுப் பகுதிகளிலிருந்து. அன்று தர்மபுரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்தால், அந்தக் குடியேற்றத்தில் நம் பக்கத்துப் பங்கும் புரியும்.

சிப்பாய், சமையல்காரர், குதிரைக்காரர், துணி வெளுப்பவர், கொத்தனார், கான்ட்ராக்டர், வியாபாரி என்று அந்தக் கூட்டத்தில் எல்லாத் தொழிலும் இருந்தது. 1834இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு பெங்களூரைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. அல்சூர் ஏரிக்கரை அவர்களுடைய இடமாயிற்று. வியாபாரத்தில் வென்ற தமிழர்களில் ஒருவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர். 1873இல் அவர் தொடங்கிய இலவசப் பள்ளி ஆர்.பி.ஏ.என்.எம். என்ற எழுத்துகளோடு இன்றும் நிற்கிறது. அல்சூர் ஏரிப் பக்கத்தில் அந்த அறக்கட்டளையின் பெயரைத் தாங்கிய திடல், தலைமுறை தலைமுறையாகக் கால்பந்துக்குப் பேர்போனது. அல்சூர், அதை ஒட்டிய கௌதமபுரம், சூளை, ஆஸ்டின் டவுன் எல்லாம் உழைப்பாளிகளின் நெருக்கமான குடியிருப்புகள். கௌதமபுரத்தில் பெலேக்குச் சிலை வைத்திருக்கிறார்கள் என்பது இப்போது ஊரறிந்த செய்தி. இந்தியாவில் எத்தனையோ பணக்கார நகர்ப்பகுதிகள் கிரிக்கெட் வீரர்களுக்குச் சாலைப் பெயர் வைத்துக்கொண்டிருக்க, ஒரு தமிழ்க் கூலிக் குடியிருப்பு பிரேசில்காரருக்குச் சிலை எழுப்பியது தற்செயலாக நடந்ததில்லை.

பந்து அங்கே படையோடு வந்தது. பரேடு மைதானத்தில் வெள்ளைக்காரப் பட்டாளங்கள் ஆடின. வேலி இல்லாத திடலைச் சுற்றி நின்று பார்த்தவர்கள் சாப்பர் வீட்டுப் பிள்ளைகளும் பட்லர் வீட்டுப் பிள்ளைகளும். பார்த்தவர்கள் ஆட வந்தார்கள். ஆட வந்தவர்களுக்கு எதிரணி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதுவும் வலிமையான எதிரணி. கல்கத்தாவைத் தவிர வேறு எந்த இந்திய ஊரிலும் உள்ளூர்ப் பையன்களுக்கு இந்த வாய்ப்பு இவ்வளவு தாராளமாகக் கிடைத்திருக்காது. பலன் 1937இல் தெரிந்தது. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை 1891இல் தொடங்கியதிலிருந்து பிரிட்டிஷ் படை அணிகளின் கைக்குள்ளேயே இருந்தது. அதை வென்ற முதல் இந்தியக் குடிமக்கள் அணி, கல்கத்தாவின் புகழ்பெற்ற கிளப்புகளில் ஒன்றாக இருக்கவில்லை; பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற கண்டோன்மென்ட் கிளப். அடுத்த ஆண்டும் அவர்களே வென்றார்கள். 1911இல் கல்கத்தாவின் மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது பாடப்புத்தகம் வரை போய்விட்டது. 1937 பெங்களூரிலேயே பலருக்குத் தெரியாது.

பத்தே ஆண்டில் இதே தெருக்கள் ஒலிம்பிக் வரை போயின. 1948 ஜூலை 31, லண்டனின் கிழக்குப் புறநகரான இல்ஃபர்டு. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம், எதிரணி பிரான்ஸ். இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். 30ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் முந்தியது. 70ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் கோல் அடித்துச் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த முதல் கோல் அது. கிடைத்த இரண்டு பெனால்டியையும் இந்தியா கோட்டைவிட்டது; ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று வென்றது. ராமன் பெங்களூர் ஆட்டக்காரர். அந்த ஒலிம்பிக் அணிப் பட்டியலை வாசித்தால் கோல்கீப்பர் வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், அகமது கான் என்று மைசூரின் முத்திரை திரும்பத் திரும்ப வரும். பதினெட்டுப் பேர் அளவிலான ஒரு தேசிய அணிக்கு இத்தனை பேரை அனுப்பிய ஊரில் அன்று கால்பந்துக்கென்று ஒரு கான்கிரீட் படிக்கட்டுகூடக் கிடையாது.

கல்கத்தா இதைக் கவனித்தது. அன்றைய இந்தியாவில் கால்பந்துக்குச் சம்பளமும் கூட்டமும் பத்திரிகைப் புகழும் இருந்த ஒரே ஊர் அது. ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முன்கள ஐவரை ரசிகர்கள் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினார்கள்: அகமது கான், அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே. இவர்களில் அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ் மூவரும் பெங்களூர்க்காரர்கள். 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம் அந்தக் கிளப்புக்குப் போனதில் இவர்கள் காலின் பங்கு பெரியது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது அகமது கானும் வெங்கடேஷும் அணியில் இருந்தார்கள். 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இரண்டாவது தங்கம் எடுத்த அணியில் அருமைநாயகம் இருந்தார். மோகன் பகானின் ஓரக்கள ஆட்டக்காரர், அவரும் பெங்களூர் வழி வந்தவர். அதே கிளப்பில் 1960களில் ஆடிய பூங்கம் கண்ணனை ஆசியாவின் பெலே என்றே அழைத்தார்கள்.

இதைப் பெங்களூரின் தனி அதிசயமாக எடுத்துக்கொண்டால் காரணம் பிடிபடாது. 1962 அணியின் இன்னொரு நட்சத்திரம் துளசிதாஸ் பலராம். பெற்றோர் தமிழர், பிறந்து வளர்ந்தது செகந்திராபாத் கண்டோன்மென்ட்டை ஒட்டிய அம்முகுடா. அதாவது இன்னொரு படை ஊர், இன்னொரு உழைப்பாளிக் குடியிருப்பு, இன்னொரு வேலியில்லாத் திடல். அதேபோல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கெதிராகக் கோல் அடித்தவர் சைமன் சுந்தரராஜ் என்ற தமிழர். அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை என்பதால் அதுவே இன்றுவரை கடைசி கோல். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலும் கடைசி கோலும் தமிழ்ப் பெயர்களில் பதிவாகியிருக்கின்றன. ஆனாலும் மெட்ராஸ் என்ற பெயரிலோ தமிழ்நாடு என்ற பெயரிலோ நம் மாநிலம் சந்தோஷ் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. 2012இல் இறுதிவரை போய் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது.

ஆக, எந்தச் சூழல் இவர்களை விளைவித்தது என்று கேட்கவேண்டும். கிடைக்கும் சான்றுகளிலிருந்து நான்கு கூறுகளைப் பிரித்தெடுக்கலாம். ஒன்று, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பூட்டில்லாத, வாடகையில்லாத திடல். இரண்டு, விடாத எதிரணி: தெருவுக்குத் தெரு கிளப், கிளப்புக்கு மேல் லீக், லீக்குக்கு மேல் பட்டாளம். சி டிவிஷனில் ஆடும் பையனுக்கு பி டிவிஷன் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று, ஆட்டத்தால் கிடைக்கும் வேலை. 1940இல் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்., 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையான ஐ.டி.ஐ., 1950களில் எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறை நிறுவனங்கள் ஊரைச் சுற்றி எழுந்தன; ஒவ்வொன்றும் கால்பந்து அணி வைத்துக்கொண்டது. நல்ல ஆட்டக்காரருக்கு ஆயுட்கால வேலை கிடைத்தது. கூலிக் குடும்பத்துத் தாய்க்கு மகன் பந்து ஆடுவது வீண் பொழுதாகத் தெரியாமல் போனது இதனால்தான். நான்கு, வெளியே போகும் வாசல்: ஒவ்வொரு பருவத்திலும் கல்கத்தா கிளப்புகளின் ஆட்கள் தேடி வந்தார்கள். இந்த நான்கும் ஒன்றையொன்று தாங்கின. திடல் இருந்து லீக் இல்லாவிட்டால் ஆட்டம் பொழுதுபோக்காக நின்றுவிடும். லீக் இருந்து வேலை இல்லாவிட்டால் பதினெட்டு வயதோடு பையன் ஆட்டத்தை விட்டுவிடுவான்.

இந்தப் பட்டியலில் அரங்கம் இல்லை. அது எங்கே வருகிறது என்றால், விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகும் கட்டத்தில். சூளை என்ற பழைய பெயரை விட்டு அசோக் நகர் ஆகிவிட்ட பகுதியில், மக்ராத் சாலையில், கால்பந்துச் சங்கத்துக்கென்று எழுந்த இந்த அரங்கம் உண்மையில் ஒரு நல்ல எண்ணத்தின் பலன். கிரிக்கெட்டோடும் ஓட்டப்பந்தயத்தோடும் இடம் பங்கிடாமல் கால்பந்துக்கு மட்டுமே சொந்தமான அரங்கம் இந்தியாவில் அபூர்வம். ஆஸ்டின் டவுனின் உழைப்பாளித் தெருக்களுக்கும் இது அருகில்தான். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற நிறுவன அணிகளும், சாப்பர்ஸ் வழிவந்த எம்.இ.ஜி. போன்ற படை அணிகளும், உள்ளூர்க் கிளப்புகளும் மாவட்டச் சங்கத்தின் லீக் ஆட்டங்களை இங்கே ஆடின. எச்.ஏ.எல். 2010 முதல் இரண்டு பருவங்கள் தேசிய ஐ-லீக்கில் ஆடிக் கடைசி இடத்துக்குச் சரிந்து வெளியேறியது. பொதுத்துறை அணிகளின் கடைசி மூச்சு என்று அதைச் சொல்லலாம். புல்லுக்குப் பதில் செயற்கைத் தளம் வந்தது. மழைக்காலத்திலும் ஒரே நாளில் பல ஆட்டம் நடத்த முடிந்தது. நுழைவாயிலில் பூட்டும் வந்தது.

அரங்கத்தின் புகழ் உச்சிக்குப் போனது 2013இல். ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் அந்த ஆண்டு பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கி இந்த அரங்கத்தையே தாயகமாக்கியது. செப்டம்பர் 22 அன்று முதல் ஆட்டம், எதிரணி மோகன் பகான், முடிவு 1-1. எட்டாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் சிறிய இடம் நிறைந்து வழிந்தது. மேற்குப் பக்கத்து மேடையில் நின்று பாடிய ரசிகர்கள் அந்த மேடையின் பெயரையே தங்களுக்கு வைத்துக்கொண்டு வெஸ்ட் பிளாக் புளூஸ் ஆனார்கள். 2014 ஏப்ரலில், ஆடிய முதல் பருவத்திலேயே கிளப் ஐ-லீக் பட்டத்தை வென்றது. பிறகு பெரிய கூட்டத்துக்காக ஸ்ரீ கண்டீரவா அரங்கத்துக்கு மாறியது. ஒரு பருவம்தான் என்றாலும், அரங்கம் எதற்குப் பயன்படும் என்பதை இதைவிட நன்றாக எதுவும் காட்டியதில்லை: சிதறிக் கிடந்த ரசனையை ஓரிடத்தில் குவித்து ஒரு நகரத்துக்குப் பொதுக் குரல் கொடுத்தது.

இங்கே முதல் மறுப்பு எழும். அரங்கம் வந்ததும் கோப்பை போனதும் ஒரே காலத்தில் நடந்தன என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போடலாமா? கூடாது. 1970களில் பஞ்சாபும் கேரளமும், 1980களில் கோவாவும் வலுத்து எழுந்தன. 1973இல் கேரளம் முதன்முறையாக வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தவர் நாம் மேலே பார்த்த சைமன் சுந்தரராஜ்தான். மைசூர் அப்படியே நின்றிருந்தாலும் மற்றவர்கள் முந்தியிருப்பார்கள். 1983 உலகக் கோப்பை வெற்றிக்குப் பிறகு நாட்டின் மனமே கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டது. 1991 தாராளமயத்துக்குப் பின் பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை அதில் முதல் பலியானது. ஊர் பெருத்து நிலத்தின் விலை ஏற, திடல்கள் சுருங்கின. இவை எல்லாமே உண்மையான காரணங்கள். ஆனால் கூர்ந்து பார்த்தால் இவற்றில் ஒன்றுகூட அரங்கம் சம்பந்தப்பட்டதாக இல்லை. வேலை போனது, எதிரணி குறைந்தது, திடல் சுருங்கியது. அரங்கம் மட்டும் அப்படியே நின்றது, ஆனாலும் வீழ்ச்சியை அதனால் தடுக்க முடியவில்லை. மறுப்பு, நம் வாதத்தைத் தளர்த்துவதற்குப் பதில் இறுக்கிக் கட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. பெங்களூரு எஃப்.சி. ஓர் ஆண்டில் செய்ததைப் உள்ளூர்க் கிளப்புகள் நாற்பது ஆண்டில் செய்யவில்லையே. முதலீடும் அரங்கமும் நிர்வாகமும் சேர்ந்தால் போதாதா? பட்டம் வாங்கப் போதும். அந்த முதல் பருவத்து அணியின் தலைவர் சுனில் சேத்ரி அதற்கு முன்பே பல கிளப்புகளில் ஆடித் தேறிய தேசிய நட்சத்திரம். கேரளம், வடகிழக்கு, இங்கிலாந்து, கென்யா என்று பல திசைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சங்கர் சம்பங்கிராஜ் போன்ற உள்ளூர்க்காரர் சிலரே. இதில் தவறு ஒன்றும் இல்லை. உலகமெங்கும் கிளப்புகள் அப்படித்தான் கட்டப்படுகின்றன. ஆனால் பிறர் விளைவித்ததை வாங்கி ஆடும் கிளப் வேறு, ஆட்டக்காரரை விளைவிக்கும் ஊர் வேறு. 1940களில் பெங்களூரு விற்கும் ஊராக இருந்தது, கல்கத்தா வாங்கும் ஊராக இருந்தது. 2014இல் பெங்களூரு வாங்கும் ஊராக மாறியது. வாங்கும் ஊருக்கு அரங்கம் இன்றியமையாதது, ஏனென்றால் டிக்கெட்டும் ஒளிபரப்பும் விளம்பரமும் இல்லாமல் வாங்கப் பணம் வராது. விளைவிக்கும் ஊருக்கு அது பிந்திய தேவை. ஏரியூர் போன்ற ஊர் எந்தக் காலத்திலும் வாங்கும் ஊராக ஆகப்போவதில்லை. விளைவிக்கும் ஊராக ஆகலாம்.

மூன்றாவதாக, இது வெறும் பழம்பெருமை என்று ஒருவர் சொல்லலாம். திடலைப் புகழ்கிறவர்கள் அதன் கொடுமையை மறைக்கிறார்கள், பட்டினியும் வெறுங்காலும் வீரமாகிவிடுகின்றன என்பது நியாயமான எச்சரிக்கை. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10-1 என்று நொறுக்கியது. அந்தக் குளிரில், ஈரப் புல்லில், வெறுங்கால் ஆட்டம் எடுபடவில்லை. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அகமது கான். அதற்குப் பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. பந்தைக் காலோடு ஒட்டவைக்கும் லாகவத்தைத் திடல் தந்தது. உடல்வலு, உணவு, மருத்துவம், ஈரத்தரையில் ஆடும் பழக்கம் எதையும் தரவில்லை. அகமது கானின் தலைமுறை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்ற கேள்விக்கு நாம் விடை காணவே முடியாதபடி செய்தது அந்த வறுமைதான். ஆகவே திடலை அப்படியே விட்டுவிடு என்பது இந்த வாதத்தின் முடிவாகாது. செலவழிக்கும் பணத்தை எங்கே முதலில் செலவழிப்பது என்பதே கேள்வி. பூட்ஸ், பயிற்சியாளர், சத்துணவு, நடுவர் சம்பளம், எதிரூருக்குப் போய்வரும் பஸ் செலவு ஆகியவை படிக்கட்டு மேடைக்கும் மின்விளக்குக் கம்பத்துக்கும் முன்னால் வரவேண்டும்.

நான்காவது சந்தேகம் நம்மவர்களிடமிருந்தே வரக்கூடும்: இது தமிழர் பெருமையைப் பெங்களூரில் தேடும் முயற்சியா? பெயர்களை மறுபடி பாருங்கள். ராமனும் வஜ்ரவேலுவும் இருந்த அதே அணியில் அகமது கான் இருந்தார். 1937இல் ரோவர்ஸ் கோப்பையை வென்றது முஸ்லிம்களின் கிளப். பின்னாளில் கெம்பையா போன்ற கன்னடர்கள் ஒலிம்பிக் வரை போனார்கள். தெலுங்கரும் ஆங்கிலோ இந்தியரும் அந்தத் தெருக்களில் ஆடினார்கள். 2023இல் ரியாத்தில் கர்நாடகத்துக்காகக் கோல் அடித்த மூவரின் பெயர் சுனில் குமார், பேக்கி ஓரம், ராபின் யாதவ். கண்டோன்மென்ட்டின் சூழலில் எந்த மொழிக்காரர் வந்து குடியேறினாலும் அவர்களிடமிருந்து ஆட்டக்காரர் எழுந்தார்கள். மரபணுவிலோ மொழியிலோ ஒன்றுமில்லை என்பதற்குத் தமிழ்நாட்டின் வெறுங்கையே சாட்சி. 1993இல் சென்னையில் நேரு அரங்கத்தைப் பிரம்மாண்டமாகக் கட்டினோம். அங்கே ஆடும் சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2018இலும் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றது, இரண்டாவது முறை பெங்களூரிலேயே பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று வீழ்த்தி. சந்தோஷ் கோப்பை மட்டும் இன்னும் வரவில்லை. அதே காலத்தில் வடசென்னையின் வியாசர்பாடி, பெரிய அரங்கம் எதையும் நம்பாமல், குடியிருப்புக்கு நடுவிலிருக்கும் திடலிலிருந்து நந்தகுமார் சேகரை இந்திய அணி வரை அனுப்பியது. அல்சூரின் சூத்திரம் அங்கே மறுபடி வேலை செய்திருக்கிறது.

2022இல் தமிழ்நாடு அரசு சட்டமன்றத் தொகுதிதோறும் தலா 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் என்று அறிவித்தது. பென்னாகரம் தொகுதியில் இருக்கும் ஏரியூர்க்காரர்களும் தங்கள் பக்கம் ஒன்று வரவேண்டும் என்று கேட்பது இயல்பு. அரசு தருவதை வேண்டாமென்று சொல்லும் நிலையில் எந்தச் சிற்றூரும் இல்லை. பெங்களூரின் வரலாறு அந்தக் கோரிக்கையின் வரிசையை மாற்றச் சொல்கிறது. ஊராட்சிக்கு ஒரு பூட்டில்லாத திடல், அதில் நிழலும் தண்ணீரும், மேய்ச்சல் நிலத்தோடு சேர்த்து அது பட்டாவாகிவிடாதபடி ஆவணத்தில் பாதுகாப்பு. அடுத்து, ஏரியூரும் பென்னாகரமும் பாலக்கோடும் ஆண்டு முழுக்க ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் லீக், பொங்கலுக்கு ஒருமுறை கோப்பை வைத்து முடித்துவிடாமல். அதற்கடுத்து, பையனுக்கும் பெண்ணுக்கும் ஆட்டத்தின் பேரில் ஒரு வேலைக்கான உறுதி: காவல்துறை, மின்வாரியம், ரயில்வே, ஓசூரின் தொழிற்சாலைகள். அன்று எச்.ஏ.எல்.லும் ஐ.டி.ஐ.யும் செய்ததை இன்று ஓசூர் செய்யக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை.

இந்த மூன்றும் இருந்தால் அரங்கம் தானாகத் தேவைப்படும். ஆட்டம் பார்க்கக் கூட்டம் நெருக்கும்போது படிக்கட்டு கட்டச் சொல்லி ஊரே கேட்கும். இந்த மூன்றும் இல்லாமல் அரங்கம் வந்தால், சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கும் அரசு விழாவுக்கும் உதவும், மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும். ஆகவே ஓர் அரங்கத்தின் வெற்றியை எத்தனை பேர் உட்காரலாம் என்ற எண்ணிக்கையால் அளப்பதை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் எத்தனை அணிகள் வாராவாரம் ஆடுகின்றன என்று எண்ணத் தொடங்க வேண்டும். அந்த அளவுகோலால் அளந்தால், உட்கார ஒரு பலகைகூட இல்லாத 1937ஆம் ஆண்டு அல்சூர், இன்றைய பல கோடி ரூபாய் அரங்கங்களை வெல்லும். சிறு விளையாட்டரங்கத் திட்டத்தின் கோப்பில் இருக்கைகளுக்கான பத்திக்கு மேலே அணிகளுக்கென்று ஒரு பத்தியைச் சேர்க்க அரசாணை ஒன்று போதும், செலவு எதுவும் இல்லை.